வெளிநாட்டவர் ஒரு நாட்டின் குடியுரிமையை எப்படிப் பெறுகிறார்?

குடியுரிமை என்பது ஒரு நாட்டின் முழு உறுப்பினர் என்ற சட்ட அந்தஸ்து. ஓட்டு, பாஸ்போர்ட் எல்லாம் அதில் அடக்கம். கொடுத்துவிட்டால் திரும்பப் பறிப்பது கடினம். அதனால்தான் பெரும்பாலான நாடுகள் அவசரப்படுவதில்லை, வந்தவர் நிலைத்து வாழ்கிறாரா என்று முதலில் பார்க்கின்றன. அமெரிக்காவில் கிரீன் கார்டு (நிரந்தர வசிப்புரிமை) கிடைத்தபின் பொதுவாக 5 ஆண்டுகள். கனடாவில் விண்ணப்பத்துக்கு முந்தைய 5 ஆண்டுகளில் 1,095 நாட்கள் அங்கேயே இருந்திருக்க வேண்டும். வெளிநாட்டுப் பயணங்களைத் தேதிவாரியாகக் காட்டவும் வேண்டும் (பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்). அப்புறம் மொழித்திறன், குடிமைத் தேர்வு (நாட்டின் வரலாறு, ஆட்சிமுறை பற்றியது), குற்றப் பின்னணிச் சோதனை, கடைசியில் உறுதிமொழி.

நிரந்தர வசிப்புரிமை வாடகை வீடு மாதிரி, நிபந்தனையை மீறினால் காலி செய்ய நேரலாம். குடியுரிமை சொந்த வீடு.

அந்நாட்டவரைத் திருமணம் செய்தாலே குடியுரிமை தானாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் அது அந்த 5 ஆண்டுக் காத்திருப்பை 3 ஆகக் குறைக்கலாம், அவ்வளவுதான்.