தென் சென்னையில் மயிலாப்பூர் எவ்வளவு?

வாசகர் கேள்விகளுக்கு ஆசிரியர் பதில்கள்

(தென் சென்னை மக்களவைத் தொகுதி பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில் தரப்படுகிறது.)

கேள்வி: தேர்தல் வந்துவிட்டால் எந்தத் தொலைக்காட்சியைத் திருப்பினாலும் தென் சென்னையைப் ‘படித்தவர்கள் தொகுதி’, ‘மயிலாப்பூர்க்காரர்கள் தொகுதி’ என்கிறார்கள். இது எந்த அளவுக்கு உண்மை? (மேற்கு மாம்பலம் வாசகர்)

பதில்: பழைய தென் சென்னைக்கே அந்தப் பட்டம் பாதிதான் பொருந்தியது, இன்றைய தென் சென்னைக்கு அதுவும் இல்லை. 2008 தொகுதிச் சீரமைப்புக்கு முன்பு மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, தியாகராய நகர், சைதாப்பேட்டை, ஆலந்தூர், தாம்பரம் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள் இதில் இருந்தன. சீரமைப்பில் ஆலந்தூரும் தாம்பரமும் ஸ்ரீபெரும்புதூர் மக்களவைத் தொகுதிக்குப் போய்விட, திருவல்லிக்கேணியும் பிரிந்தது. விருகம்பாக்கம், வேளச்சேரி, சோழிங்கநல்லூர் என்ற மூன்று புதிய சட்டமன்றத் தொகுதிகள் உள்ளே வந்தன.

இந்த எல்லைகள் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து வரையப்பட்டவை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டிய சங்கதி. தரமணியில் டைடல் பார்க் என்ற மென்பொருள் வளாகம் திறக்கப்பட்டதே 2000-ஆம் ஆண்டில்தான். பழைய மாமல்லபுரம் சாலையின் இருபுறமும் அலுவலகங்களும் அடுக்குமாடிகளும் வரிசையாக எழுந்தது அதற்குப் பிறகு என்பதால், கணக்கெடுப்பில் ஊராட்சிகளாகவும் ஏரிக்கரைகளாகவும் இருந்த இடங்கள், எல்லைக்கோடு காய்வதற்குள் நகரமாகிவிட்டன. விளைவாக, வாக்காளர் எண்ணிக்கையில் தமிழ்நாட்டின் மிகப்பெரிய சட்டமன்றத் தொகுதி என்ற பெயரைச் சோழிங்கநல்லூர் பெற்றது. 2024 மக்களவைத் தேர்தலின்போது தென் சென்னையின் வாக்காளர்கள் சுமார் 20.2 லட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் சோழிங்கநல்லூரில் இருந்தார்கள். மயிலாப்பூரையும் தியாகராய நகரையும் சேர்த்துக் கூட்டினாலும் அந்த ஒரு தொகுதியை எட்டவில்லை.

சோழிங்கநல்லூர் என்றால் மென்பொருள் நிறுவனங்கள் என்று நினைப்பதும் பாதிப் படம்தான். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய மூன்று பெரிய மறுகுடியமர்வுக் குடியிருப்புகளும் இந்தத் தொகுதிக்குள் இருக்கின்றன. நகரின் ஆற்றங்கரைகளிலிருந்தும் கால்வாய் ஓரங்களிலிருந்தும் அகற்றப்பட்டவர்களை, 2000-க்குப் பிறகு குடிசை மாற்று வாரியம் இங்கே குடியமர்த்தியது. (2021-இல் வாரியத்தின் பெயர் மாறிவிட்டது, மக்கள் வாயில் மாறவில்லை.) கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் கொட்டிவாக்கத்திலும் நீலாங்கரையிலும் மீனவர் குப்பங்கள் உண்டு. மேற்கே மேடவாக்கத்தைப் போல மாநகராட்சியில் சேராமல் ஊராட்சியாகவே நீடித்த இடங்களிலும் கணிசமான வாக்குகள் இருக்கின்றன. ‘சென்னை’ என்று பெயரைத் தாங்கிய இந்த மக்களவைத் தொகுதியின் மிகப்பெரிய பகுதி, தேர்தல் நிர்வாகத்தில் செங்கல்பட்டு மாவட்டத்தோடு சேர்ந்தது என்பது பலருக்குத் தெரியாது.

மயிலாப்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். மாட வீதிகளும் சபாக்களும் இருக்கும் அதே சட்டமன்றத் தொகுதியில்தான் மெரினா ஓரத்து நொச்சிக்குப்பமும் இருக்கிறது. வேளச்சேரித் தொகுதியில் பெசன்ட் நகர் பங்களாக்களுக்குப் பக்கத்திலேயே ஊரூர் குப்பம் இருக்கிறது. விருகம்பாக்கத்தில் சாலிகிராமம், கே.கே. நகர் பக்கம் திரைத்துறைத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறையாக வாழ்கின்றன. தொலைக்காட்சி விவாதங்களில் தென்படும் தென் சென்னை, கேமரா வண்டி எளிதில் போய் நிற்கக்கூடிய தென் சென்னை என்றே எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: இந்தத் தொகுதியில் எந்தச் சாதியினர், எந்த மதத்தினர் எத்தனை சதவீதம்? சரியான கணக்கை வெளியிடுங்கள். (நங்கநல்லூர் வாசகர்)

பதில்: வெளியிட முடியாது, அப்படியொரு அதிகாரபூர்வக் கணக்கு கிடையாது. வாக்காளர் பட்டியலில் பெயர், தந்தை அல்லது கணவர் போன்ற உறவினரின் பெயர், வீட்டு எண், வயது, பாலினம், அடையாள அட்டை எண் ஆகியவைதான் இருக்கும். சாதியோ மதமோ இருக்காது. தேர்தல் நேரத்துச் சிறப்பிதழ்களில் தசமப் புள்ளியோடு வரும் சதவீதங்கள், பெயர்களைப் பார்த்தும் தெருக்களைப் பார்த்தும் கட்சிக்காரர்கள் போட்ட உத்தேசக் கணக்குகளே. பத்து தெருவில் வீடு வீடாகப் பூத் ஸ்லிப் கொடுத்த ஒரு பூத் ஏஜென்ட் தன் தெருக்களைப் பற்றிச் சொன்னால் நம்பலாம். இருபது லட்சம் பேருக்கு அதை நீட்டினால் நம்புவதற்கில்லை.

கேள்வி: முதலமைச்சராக இருந்த அண்ணா, தென் சென்னையின் மக்களவை உறுப்பினராகவும் இருந்தாரா? (தஞ்சாவூர் மாணவி)

பதில்: முதலில் மக்களவை உறுப்பினர், உடனே முதலமைச்சர். 1967 பிப்ரவரியில் மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் சேர்த்தே தேர்தல் நடந்தபோது, அண்ணா சட்டமன்றத்துக்குப் போட்டியிடாமல் தென் சென்னையில் மக்களவைக்கு நின்று வென்றார். சட்டமன்றத்தில் திராவிட முன்னேற்றக் கழகம் தனிப்பெரும்பான்மை பெற்றுவிட, மார்ச் 6-ஆம் தேதி அவர் முதலமைச்சராகப் பதவியேற்றார். பின்னர் சட்ட மேலவை உறுப்பினரானார். காலியான தென் சென்னையில் அதே ஆண்டு நடந்த இடைத்தேர்தல்தான் முரசொலி மாறனை முதன்முதலாக நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது.

கேள்வி: தென் சென்னை எப்போதும் மாநிலத்தில் வீசும் அலையோடுதான் போகும் என்கிறார் என் நண்பர். அப்படியா? (சைதாப்பேட்டை வாசகர்)

பதில்: பல முறை போயிருக்கிறது. ஆனால் போகாத தேர்தல்கள்தான் சுவையானவை.

1952-இல் நகரம் முழுவதும் ஒரே தொகுதியாக இருந்தபோதும், 1957-இல் வடக்கு, தெற்கு என்று பிரிந்து தெற்கானபோதும் வென்றவர் காங்கிரஸின் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. 1962-இல் தமிழ்நாட்டின் 41 மக்களவைத் தொகுதிகளில் காங்கிரஸ் 31-ஐப் பிடித்தது. காஞ்சிபுரம் சட்டமன்றத் தொகுதியில் அண்ணாவே தோற்றார். அந்தத் தேர்தலில் தி.மு.க. பெற்ற ஏழு மக்களவை இடங்களில் ஒன்று, நாஞ்சில் கி. மனோகரன் வென்ற தென் சென்னை. 1967-இல் மாநிலம் எடுத்த திருப்பத்தை இந்தத் தொகுதி ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே எடுத்துவிட்டது என்று சொன்னால் மிகையாகாது.

1977-லும் 1980-லும் காங்கிரஸின் ஆர். வெங்கட்ராமன் வென்றார். முதல் முறை அ.தி.மு.க. அவருக்குத் தோள் கொடுத்தது. இரண்டாவது முறை தோள் கொடுத்தது தி.மு.க. மாநிலத்தில் வென்றவை அந்தந்தக் கூட்டணிகள்தான் என்பதால், இவ்விரண்டும் உங்கள் நண்பர் வாதத்துக்குச் சான்று. இந்திரா காந்தியின் படுகொலைக்குப் பின் நடந்த 1984 தேர்தலில் மாநிலம் முழுவதும் தி.மு.க.வுக்குக் கிடைத்தவை மத்திய சென்னை, வட சென்னை என்ற இரண்டு தொகுதிகள் மட்டுமே. நகரின் மற்ற இரண்டும் அலையைத் தாங்கி நின்றபோது தென் சென்னை காங்கிரஸுக்குச் சாய்ந்தது. அங்கே இரா. செழியனைத் தோற்கடித்தவர் நடிகை வைஜெயந்திமாலா பாலி. நாடாளுமன்றப் பேச்சுக்குப் பெயர் பெற்ற ஒருவரைப் ‘படித்தவர்கள் தொகுதி’ திருப்பி அனுப்பியதைப் பற்றி அப்போது நிறையவே பேசினார்கள். 1989-லும் வைஜெயந்திமாலாவே வென்றார், 1991-இல் அ.தி.மு.க.வின் ஆர். ஸ்ரீதரன்.

1996 முதல் 2004 வரை நான்கு முறை தி.மு.க.வின் டி.ஆர். பாலு. இதில் 1998-ஐத் தனியாகப் பார்க்க வேண்டும். அ.தி.மு.க., பா.ஜ.க. கூட்டணி மாநிலத்தின் 39 இடங்களில் 30-ஐ அள்ளிய அந்தத் தேர்தலில், பா.ஜ.க.வின் மூத்த தலைவர் ஜனா. கிருஷ்ணமூர்த்தி இங்கே பாலுவிடம் தோற்றார். அடுத்த ஆண்டே தி.மு.க. பா.ஜ.க.வோடு கூட்டணி சேர்ந்தது; அப்போதும் வென்றவர் பாலுதான்! 2009-இல் அவர் ஸ்ரீபெரும்புதூருக்கு மாறினார். மாநிலத்தில் தி.மு.க. கூட்டணி 27 இடங்களில் வென்ற அந்த ஆண்டில் நகரில் தென் சென்னை மட்டும் அ.தி.மு.க.வின் சி. ராஜேந்திரனுக்குப் போனது, வட சென்னையும் மத்திய சென்னையும் தி.மு.க.விடமே இருந்தன. ஆகவே 1962, 1998, 2009 என்று மூன்று முறை இது எதிர்க்காற்றில் படகு விட்டிருக்கிறது. 2014-இல் அ.தி.மு.க.வின் ஜெ. ஜெயவர்தன், 2019-லும் 2024-லும் தி.மு.க.வின் தமிழச்சி தங்கபாண்டியன் வென்றவை மாநிலத்தின் போக்கை ஒட்டிய முடிவுகள்.

கேள்வி: 2024-இல் பா.ஜ.க. இரண்டாம் இடம் பிடித்தது பெரிய வளர்ச்சி அல்லவா? (மயிலாப்பூர் வாசகர்)

பதில்: இடத்தைப் பார்த்தால் வளர்ச்சி; வாக்கைப் பார்த்தால் அவ்வளவு இல்லை. 2014-இல் அ.தி.மு.க.வோடு சேராமல் நின்ற இல. கணேசன் சுமார் 2.57 லட்சம் வாக்குகள் பெற்று மூன்றாவதாக வந்தார். 2024-இல் அதேபோல நின்ற தமிழிசை சௌந்தரராஜன் பெற்றவை சுமார் 2.91 லட்சம். பத்து ஆண்டுகளில் பட்டியல் எவ்வளவு பெருத்தது என்று பார்த்தால் இது ஒரு பாய்ச்சல் அல்ல. சரிந்தது அ.தி.மு.க. என்பதே சரியான வாசிப்பு: 2014-இல் வென்ற அதே ஜெயவர்தன் 2024-இல் சுமார் 1.72 லட்சம் வாக்குகளோடு நின்றுவிட்டார். செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாததால் டெபாசிட்டும் போயிற்று. தமிழச்சி தங்கபாண்டியன் வென்ற வித்தியாசம் சுமார் 2.26 லட்சம்.

இரு கழகங்களுக்கும் வெளியே ஒரு வாக்கைத் தேடும் பழக்கம் இந்தத் தொகுதிக்கு உண்டு. 2019-இல் மக்கள் நீதி மய்யம் இங்கே சுமார் 1.44 லட்சம் வாக்குகள் வாங்கியது. அந்த வாக்கு எந்தக் கட்சிக்கும் நிரந்தரச் சொத்தாக அமைந்ததில்லை.

கேள்வி: படித்தவர்கள் இவ்வளவு பேர் இருந்தும் வாக்குப்பதிவில் தென் சென்னை ஏன் கடைசி வரிசையில் நிற்கிறது? (திருவான்மியூர் வாசகி)

பதில்: 2024-இல் மாநிலச் சராசரி 70 சதவீதத்தை ஒட்டியும், தென் சென்னையில் 54 சதவீத அளவிலும் வாக்குகள் பதிவாயின, மத்திய சென்னையில் அதையும்விடச் சற்றுக் குறைவு. சோம்பல் ஒரு காரணம்தான். வாக்குப்பதிவு நாளான ஏப்ரல் 19 வெள்ளிக்கிழமையாக அமைந்ததால் சனி, ஞாயிறோடு சேர்த்து ஊருக்குக் கிளம்பியவர்களை எல்லோரும் பார்த்தோம்.

ஆனால் சதவீதம் என்பது ஒரு பின்னம். கீழே இருக்கும் எண் ஊதிப்போயிருந்தால் மேலே இருப்பது சிறுத்துத்தான் தெரியும். வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் நகரத்தில், பழைய தெருவில் பெயர் நீக்கப்படாமலே புதிய தெருவில் பெயர் சேர்வது சர்வசாதாரணம். இறந்தவர்களின் பெயரும் வீட்டார் சொல்லாவிட்டால் நெடுநாள் நீடிப்பதுண்டு. சொந்த ஊரில் வாக்கு வைத்துக்கொண்டு இங்கேயும் பதிந்தவர்கள் எந்தப் பக்கம் வாக்களித்தாலும் மற்றொரு பக்கத்தில் ‘வராதவர்’ ஆகிறார்கள். எனவே 46 சதவீதம் பேர் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள் என்று வசை பாடுவதற்கு முன், பட்டியலில் இருப்பவர்களில் எத்தனை பேர் அந்த முகவரியில் உண்மையிலேயே இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

கேள்வி: சைதாப்பேட்டை ஆற்றங்கரையிலிருந்து எங்களைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றினார்கள். என் தங்கை குடும்பத்துக்கு இன்னும் பழைய இடத்தில்தான் வாக்கு இருக்கிறது. தொகுதி மாறிவிட்டதா? (பெரும்பாக்கம் வாசகி)

பதில்: சட்டமன்றத் தொகுதி மாறிவிட்டது, மக்களவைத் தொகுதி மாறவில்லை. சைதாப்பேட்டையும் பெரும்பாக்கம் அடங்கிய சோழிங்கநல்லூரும் தென் சென்னைக்குள்ளேயே இருக்கின்றன. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து நடந்த இடமாற்றங்களில் பல இப்படி ஒரே மக்களவைத் தொகுதிக்குள் சட்டமன்ற வாக்குகளை நகர்த்தின. கூவக்கரையிலிருந்து வந்த உங்கள் அண்டை வீட்டார் பலருக்கோ இரண்டுமே மாறியிருக்கும்.

உங்கள் தங்கை முகவரி மாற்றத்துக்குரிய படிவம் 8-ஐ நிரப்பி, புதிய முகவரிக்கான சான்றோடு உங்கள் பகுதியின் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுக்க வேண்டும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலும் பதியலாம். புதிதாகப் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6-ஐக் கொடுத்தால் இரட்டைப் பதிவாகிவிடும். மாற்றம் பட்டியலில் ஏறும்வரை அவர் பேருந்து பிடித்துச் சைதாப்பேட்டை வாக்குச்சாவடிக்குப் போய்த்தான் வாக்களிக்க முடியும்.