எர்த் பின்னை உடைக்காதீர்கள்: பின்மேடைக் கேள்வி பதில்

வேலூர், ராணிப்பேட்டை வட்டாரக் கல்லூரி நாடகக் குழுக்களில் லைட், சவுண்டு, செட் வேலை பழகுகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

காட்பாடி, முதலாண்டு மாணவி: லைட் போர்டு (லைட்டுகளை இயக்கும் பலகை) கற்கத்தான் குழுவில் சேர்ந்தேன். ஒரு மாதமாக கேபிள் சுருட்டத்தான் விடுகிறார்கள், அண்ணா.

சரியாகச் சுருட்டுகிறீர்களா என்று முதலில் பாருங்கள். முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே சுற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறுக்கு ஏறும். உள்ளே இருக்கும் மெல்லிய செம்புக் கம்பிகள் பிளக்கை ஒட்டிய இரண்டு அங்குலத்தில்தான் முதலில் அறும். ஒரு சுற்றை நேராக விடுங்கள், அடுத்ததை மணிக்கட்டைத் திருப்பி உள்பக்கமாக மடித்து விடுங்கள். முறுக்கு ஒன்றையொன்று தின்றுவிடும். எறிந்தால் முடிச்சில்லாமல் விரியும்.

அடுத்து ஒரு மல்டிமீட்டர் கேளுங்கள். மைக் கேபிளின் இரு முனையிலும் உள்ள பின்களில் 1-க்கு 1, 2-க்கு 2, 3-க்கு 3 தொடர்பு இருக்க வேண்டும். குறுக்கே இருக்கக் கூடாது. அளக்கும்போதே பிளக்கின் கழுத்தை ஆட்டுங்கள். அசையாமல் நல்லதாகக் காட்டுகிற கேபிள்தான் இரண்டாம் காட்சியில் காலை வாரும். இருபது கேபிளைச் சோதித்து நீளம் எழுதி ஒட்டிவிட்டால், போர்டு ஆளே உங்களைத் தேடி வருவார்.

குடியாத்தம்: எங்கள் ஹாலில் 15 ஆம்ப் சாக்கெட் இரண்டே இரண்டு. ஆயிரம் வாட் பார் லைட் (டப்பா வடிவ மேடை லைட்) ஆறு. ஓடுமா?

1000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 4.3 ஆம்ப். ஆறுக்கும் சேர்த்து 26. இரண்டு சாக்கெட்டும் தனித்தனி எம்.சி.பி.யிலிருந்து (லோடு மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்) வந்தால், ஒன்றுக்கு மூன்று லைட், 13 ஆம்ப். ஓடும். ஒரு எம்.சி.பி.யை இறக்கிப் பாருங்கள். இரண்டு சாக்கெட்டும் செத்தால் ஒரே லைன். மொத்தமே மூன்று லைட்தான்.

"நாலு போட்டோம், ட்ரிப் ஆகவில்லையே" என்பார்கள். நாலுக்கு 17.4 ஆம்ப். 16 ஆம்ப் எம்.சி.பி. 18 ஆம்ப் வரை ஒரு மணி நேரம் விழாமல் நிற்கும்படிதான் செய்யப்படுகிறது. அதற்குள் சாக்கெட்டின் பித்தளைக் கவ்வி சூடேறித் தளர்ந்து, பிளாஸ்டிக் உருகத் தொடங்கும். எக்ஸ்டென்ஷனுக்கு 2.5 சதுர மி.மீ. ஒயர் போடுங்கள். டிரம்மில் சுற்றியிருப்பதை முழுவதும் அவிழ்த்து விடுங்கள். சுற்றியபடியே லோடு ஏற்றினால் நடுச்சுற்று வெந்துவிடும். ஹாலஜன் பல்பை வெறுங்கையால் தொடாதீர்கள், விரல் எண்ணெய் பட்ட இடம் வெடிக்கக்கூடும். உலோக உடம்பு லைட் என்பதால் எர்த் பின்னை உடைக்கவே கூடாது.

ஆம்பூர்: சாக்கெட் குறைவு. பவர் ஸ்ட்ரிப் போட்டால் கூடுதல் லைட் எரியுமா?

ஓட்டை கூடும், ஆம்ப் கூடாது. குடியாத்தம் பதிலைப் படியுங்கள்.

வாலாஜா: எட்டு எல்.ஈ.டி. பார். டி.எம்.எக்ஸில் (போர்டிலிருந்து லைட்டுகளுக்குக் கட்டளை போகும் லைன்) கடைசி இரண்டு மட்டும் தானாக மின்னுகின்றன.

முதலில் அட்ரஸ், அதாவது ஒவ்வொரு லைட்டும் எந்த சேனலிலிருந்து கேட்கத் தொடங்கும் என்ற எண். ஒரு லைட்டுக்கு 8 சேனல் என்றால் 1, 9, 17, 25 என்று போக வேண்டும். ஒன்று 7 சேனல் மோடில் இருந்தால் அது மட்டும் கோணலாக நடக்கும். அட்ரஸ் சரி என்றால் கடைசி லைட்டின் அவுட்டில் டெர்மினேட்டர் செருகுங்கள்: 3 பின் ஆண் பிளக்கில் 2-க்கும் 3-க்கும் நடுவே 120 ஓம் ரெசிஸ்டர், அவ்வளவுதான். லைனை ஒய் (Y) வடிவ இணைப்பு போட்டுப் பிரிக்காதீர்கள். ஒன்றிலிருந்து ஒன்றாகச் சங்கிலியாகவே போக வேண்டும்.

ஆரணி: ஆண்டு விழாவில் ஒரு மணி நேரத் தெருக்கூத்து. எல்.ஈ.டி. கலர் லைட் போடலாமா? காலர் மைக்கா, தொங்கு மைக்கா?

சிவப்பு அரிதாரத்தின்மேல் பச்சை லைட் விழுந்தால் முகம் கறுத்துப் போகும். பச்சை வேடத்தின்மேல் சிவப்பும் அப்படியே. கிரீடத்திலும் புஜக்கட்டையிலும் கண்ணாடிச் சில்லு இருக்கும். நேர் எதிரே ஒரே லைட் வைத்தால் அது பார்ப்பவர் கண்ணில் அடிக்கும். இரு பக்கமும் 45 பாகை தள்ளி, உயரத்தில் வையுங்கள். வார்ம் ஒயிட் போதும். மூன்று நிறம் கலந்து எடுக்கும் எல்.ஈ.டி. வெள்ளையில் தோல் வெளிறும்.

காலர் மைக் வேண்டாம். வியர்வை, கட்டை உரசும் சத்தம், சுழன்று ஆடும்போது ஒயர், எல்லாமே தொல்லை. ஆடுமிடத்தின் மேல் இரண்டு தொங்கு மைக், பின்பாட்டுக்கு ஒன்று, முகவீணைக்கு ஒன்று.

ஆற்காடு (மேற்படி பதிலுக்கு மறுப்பு): கூத்தை மேடையில் ஏற்றியதே தப்பு. மூன்று பக்கமும் ஜனம் உட்காரும் ஆட்டத்துக்கு 45 பாகை லைட் என்ன கணக்கு? ஒரு குழல் விளக்கு போதும்.

பாதி சரி. மூன்று பக்கம் ஜனம் இருந்தால் நான் சொன்ன கோணம் ஒரு பக்கத்தார் கண்ணில்தான் விழும். அப்போது நாலு மூலைக் கம்பத்திலும் 12 அடிக்கு மேல் ஏற்றி, கீழ்நோக்கிச் சாய்க்க வேண்டும். ஆனால் குழல் விளக்கை ஒப்ப மாட்டேன். அதன் வெளிச்சம் எல்லாப் பக்கமும் பரவும். திரையைப் பிடித்தபடி வேடம் உள்ளிருந்து பாடும்போது பின்னால் இருப்பவர் நிழல் தெரிந்துவிடும். திரைக்குப் பின்னே வெளிச்சம் இல்லாதிருந்தால்தான் திரை விலகும் நொடி மனதில் நிற்கும்.

ஆற்காடு (மீண்டும்): பெட்ரோமாக்ஸ் காலத்தில் அந்த நொடி நிற்கவில்லையா?

நின்றது. அந்த விளக்கு திரைக்கு முன்னால் இருந்தது. நானும் அதைத்தான் சொல்கிறேன்.

ஆரணி: நாலு மைக்கோடு இன்னும் நாலு போட்டால் நன்றாகக் கேட்குமா?

கேட்காது, கூவும். திறந்திருக்கும் மைக் இரட்டிப்பானால், கூவாமல் ஏற்றக்கூடிய அளவில் 3 டெசிபல் போய்விடும். பாடாத மைக்கை மூடுங்கள். ஸ்பீக்கர் பாக்ஸை மைக்குக்கு முன்னால், ஜனத்தின் பக்கம் தள்ளுங்கள்.

சோளிங்கர், அணைக்கட்டு, இன்னும் இருவர்: எந்த மிக்சர் வாங்கலாம்?

எதுவும் வேண்டாம். சவுண்ட் சர்வீஸ்காரரிடம் வாடகைக்கு எடுங்கள்.

பேரணாம்பட்டு: எட்டடித் தட்டி காற்றில் சாய்கிறது.

மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் பின்முட்டு கொடுத்து, முட்டின் அடிக்காலின்மேல் அரை மூட்டை மணல். திறந்தவெளி என்றால் பந்தல் சவுக்கோடு சேர்த்துக் கட்டுங்கள். தட்டிக்குப் பின்னே ஆள் நிறுத்திப் பிடிக்கச் சொல்வது முட்டு ஆகாது.

காட்பாடி: க்யூ (லைட், சவுண்டு மாற்றச் சொல்லும் கட்டளை) சொல்லும்போது ஆட்கள் முன்கூட்டியே அமுக்கிவிடுகிறார்கள்.

"லைட் 7 ஸ்டாண்ட்பை", பதில் வந்த பிறகு "லைட் 7... கோ". "கோ" கடைசிச் சொல்லாக இருக்கட்டும். வேறு எந்தப் பேச்சிலும் அந்தச் சொல் வரவே கூடாது.

ராணிப்பேட்டை: லேப்டாப்பை மிக்சரில் செருகினால் "ம்ம்ம்" என்று இரைச்சல். சார்ஜரின் எர்த் பின்னை எடுத்தால் நின்றுவிடுகிறது. அப்படியே விடலாமா?

கூடாது. இரைச்சல் நிற்கும், ஆனால் ஏதாவது ஒன்று ஷார்ட் ஆனால் மின்சாரம் மைக்கின் உலோகக் கூட்டில் நிற்கக்கூடும், அதைப் பிடிப்பவர் உங்கள் நடிகர். எர்த்துக்கு இரண்டு வழி இருப்பதால் வரும் இரைச்சல் அது. லேப்டாப்பையும் மிக்சரையும் ஒரே சாக்கெட்டிலிருந்து எடுங்கள், லைட் லைனிலிருந்து வேண்டாம். அப்படியும் இருந்தால் நடுவே டி.ஐ. பாக்ஸ் (லேப்டாப் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சிறு பெட்டி) வைத்து அதன் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். அது சிக்னல் ஒயரின் ஷீல்டை மட்டும் பிரிக்கும். பவர் எர்த் அப்படியே இருக்கும். உடைத்த பின்னோடு இருக்கும் சார்ஜர் கயிற்றை இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.