சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வைத்துவிட்டேன், இனி என்ன செய்வது?

கேள்வி: நாங்கள் இரத்தினபுரி மாவட்டத்தில் இருக்கிறோம். மூன்று வாரத்துக்கு முன் என் கணவரின் மோட்டார் சைக்கிளில் ஒரு வேன் மோதியது. பின்னால் இருந்த எனக்குச் சிராய்ப்புதான். அவருக்குக் கால் முறிந்து இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பொலிசில் நான் தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதினார்கள். வாசித்துக் காட்டாமலே கையெழுத்து கேட்டார்கள், வைத்துவிட்டேன். காப்புறுதிக்காகப் பிரதி எடுத்து, சிங்களம் தெரிந்த பக்கத்து வீட்டுத் தம்பியிடம் காட்டினால், "கணவர் சிக்னல் போடாமல் திரும்பினார்" என்று இருக்கிறதாம். நான் சொன்னது "சிக்னல் போட்டுத்தான் திரும்பினார்" என்று. திருத்தக் கேட்டால், இனி மாற்ற முடியாது என்கிறார்கள்.

பதில்: மாற்ற முடியாது என்பது பாதி சரி. பொலிசின் தகவல் புத்தகத்தில், அதாவது முறைப்பாடுகளைப் பதியும் புத்தகத்தில், ஏறியதை அழிக்கவோ திருத்தவோ யாருக்கும் இடமில்லை. அது உங்களுக்கும் ஒரு பாதுகாப்புதான். ஆனால் "முன்பு எழுதியது நான் சொன்னதல்ல" என்று நீங்கள் இன்னொரு வாக்குமூலம் கொடுக்கலாம். அதை இந்த வாரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். ஏன் அவசரம் என்று பின்னால் சொல்கிறேன்.

இந்த விஷயத்தில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவைப் பாருங்கள். வாய்மொழியாகச் சொல்லும் முறைப்பாட்டை, சொன்னவரின் மொழியிலேயே எழுதி அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அந்த மொழியில் எழுத அதிகாரிக்கு முடியாவிட்டால், நீங்களே எழுதித் தாருங்கள் என்று கேட்க வேண்டும். உங்களுக்கு எழுத வராது என்றால்தான் அவர் வேறு தேசிய மொழியில் எழுதலாம். அப்போதும் காரணத்தைக் குறித்துவைத்து, உங்களுக்கு விளங்கும்படி சொல்லிக் காட்ட வேண்டும். நீங்கள் கடிதத்தையே அழகான தமிழில் எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு தாளைத் தந்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. இதில் பெரும்பாலும் கெட்ட எண்ணம் இருப்பதில்லை. அரைகுறைத் தமிழோடு நாற்பது முறைப்பாடு எழுதும் ஆளின் அவசரம்தான். ஆனால் வழக்கில் அடி வாங்கப்போவது நீங்கள்.

எப்படி என்று கேட்டால், நாளைக்கு நீதவான் முன் சாட்சிக் கூண்டில் "சிக்னல் போட்டார்" என்று சொல்வீர்கள். வேன்காரரின் சட்டத்தரணி எழுந்து, "இது உங்கள் கையெழுத்தா?" என்று கேட்பார். ஆம் என்பீர்கள். அடுத்து அந்தச் சிங்கள வரியை வாசித்து, உங்கள் சாட்சியத்துக்கு முரணாகக் குறித்துக்கொள்வார். வழக்கு விசாரணைக்கு வருமுன்பே, கேள்வி எதுவும் எழாத காலத்திலேயே, நீங்கள் மறுத்துவைத்திருந்தால் அந்த முரணின் பலம் பாதி போய்விடும். கூண்டில் நின்றபடி முதன்முதலாக மறுத்தால் நம்புவது கஷ்டம்.

ஆகவே தமிழில் ஒரு கடிதம் எழுதுங்கள். முறைப்பாட்டின் திகதி, இலக்கம், நீங்கள் உண்மையில் சொன்னது, தவறாக எழுதப்பட்ட வரி, வாசித்துக் காட்டவில்லை என்பது, இவ்வளவும் போதும். கோபத்தை அதில் கொட்ட வேண்டாம். பொறுப்பதிகாரிக்கு நேரில் கொடுத்துத் தமிழிலேயே பதியச் சொல்லுங்கள். மறுத்தால் அதே கடிதத்தைப் பதிவுத் தபாலில் அவருக்கும், பிரதியை உங்கள் பொலிஸ் பிரிவுக்குப் பொறுப்பான பொலிஸ் அத்தியட்சகருக்கும் அனுப்புங்கள். தபால் பற்றுச்சீட்டு தொலையக் கூடாது. காப்புறுதி நிறுவனத்துக்கும் ஒரு பிரதி போகட்டும்.

"இது சிங்களப் பகுதி, தமிழில் எழுத ஆளில்லை" என்று பொலிசார் சொல்லக்கூடும். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி. வடக்கு, கிழக்குக்கு வெளியே நிருவாக மொழி சிங்களம் என்பது உண்மைதான். ஆனால் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை அங்கேயும் எந்த உத்தியோகத்தருடனும் தமிழில் அலுவல் செய்யவும், தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை தருகிறது. ஆளில்லாதது அரசின் குறை, அதற்கு வசதி செய்ய வேண்டியதும் அரசுதான் என்று 25ஆம் உறுப்புரை சொல்கிறது.

இப்போது அவசரத்துக்கு வருகிறேன். 126ஆம் உறுப்புரை அடிப்படை உரிமையோடு மொழி உரிமையையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. இரண்டில் எது மீறப்பட்டாலும் நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம், ஆனால் ஒரு மாதத்துக்குள். தவறு தெரியவந்த நாளிலிருந்து எண்ணலாம் என்று வாதிட இடமுண்டு. நான் அதை நம்பி இருக்க மாட்டேன். மொழியால் பாகுபாடு, அதாவது 12ஆம் உறுப்புரை மீறல் என்று அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. முறையிட்டதற்கான வெறும் பற்றுச்சீட்டு போதாது, விசாரணை நடப்பதற்கு ஆதாரம் வேண்டும்.

உங்களிடத்தில் நானாக இருந்தால், இப்போதே கொழும்புக்கு ஓடி மனுப் போட மாட்டேன். செலவு, அலைச்சல், அப்புறம் ஆஸ்பத்திரியில் ஆள் வேறு. தமிழ் வாக்குமூலம் பதிவானாலே உங்கள் வேலை முக்கால்வாசி முடிந்தது. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு மட்டும் காலத்தோடு எழுதிக் கதவைத் திறந்து வையுங்கள். 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் இலவசமாக முறையிடலாம். அது மெதுவாக நகரும். ஆனால் அடுத்து அந்தப் பொலிஸ் நிலையத்துக்குப் போகும் தமிழருக்கு உதவும்.

வழக்கு வந்தால் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். 24ஆம் உறுப்புரைப்படி அதை அரசு தர வேண்டும். சட்டத்தரணிக்குப் பணமில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள்.

இன்னொன்று, உங்கள் கணவரிடம் இன்னும் வாக்குமூலம் எடுத்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். கட்டிலருகே வந்தால் பேனாவையும் தாளையும் அவர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். எழுத முடியாத நிலை என்றால் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் வரும்வரை அவர் எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம்.