புது கேரக்டர் வந்தால் பழைய டீம் அவ்வளவுதானா?

கேள்வி: ஜென்ஷின் இம்பாக்ட் என்ற வீடியோ கேம் ஆடுகிறேன். என் பழைய டீம் ஸ்பைரல் அபிஸ் என்ற சண்டைச் சவாலை நேரத்துக்குள் முடிக்க முடியாமல் திணறுகிறது. சேர்த்த பிரைமோஜெம்மை (கேமுக்குள் செலவழிக்கும் நாணயம்) எல்லாம் புது பேனரில் (புது கேரக்டருக்கான குலுக்கல்) போடவா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: அவசரப்படாதீங்க தம்பி. எதிரியின் உயிரளவு ஏற ஏற பழைய அடி போதாமல் போகிறது, ஆனால் புதுசு பழசை மிஞ்சிக்கொண்டே போகும் இந்த பவர் க்ரீப் முதலில் காலி செய்வது மெயின் டேமேஜ் கேரக்டரைத்தான், சப்போர்ட்டை அவ்வளவு சீக்கிரம் அசைக்காது. 2020-ல் கேம் வந்தபோதே இருந்த பென்னெட்டைப் பாருங்க: நாலு ஸ்டார்தான் (உச்சம் ஐந்து), அட்டாக்கையும் ஏற்றுகிறான், உயிரையும் நிரப்புகிறான், இன்னமும் எத்தனையோ டீமில் அவனுக்கு இடம் இருக்கிறது. உங்க ஏரியா ஃபுட்பாலில் பார்த்திருப்பீங்களே, கோல் போடுகிறவன் மாறுவான், நல்லா பாஸ் கொடுக்கிறவனை யாரும் விடமாட்டார்கள்.

அப்புறம் கணக்கு. ஒரு புல்லுக்கு, அதாவது ஒரு தடவை குலுக்க, 160 பிரைமோஜெம், ஐந்து ஸ்டார் விழும் வாய்ப்பு வெறும் 0.6 சதவீதம், 90-வது புல்லில்தான் கட்டாயம், அதிலும் நீங்க கேட்ட ஆளுக்குப் பதில் வேறு ஆள் வந்துவிட்டால் இன்னொரு 90 வரை போகலாம். மொத்தம் 180 புல், 28,800 பிரைமோஜெம். அவ்வளவு கையில் இல்லையென்றால், ஒரு குறிப்பிட்ட ஆள் வேண்டுமென்று பேனரைத் தொடாதீங்க. காசு போட்டு ஈடுகட்டவே வேண்டாம். முதலில் ஆர்ட்டிஃபாக்ட்டையும் (கேரக்டருக்கு மாட்டும் பொருட்கள்) டேலன்ட் (திறன்) லெவலையும் சரி பண்ணுங்க, பாதி திணறல் அங்கேதான் இருக்கும்.