சிடி போய் ஃபைல் வந்தது: வாசகர் கேள்விகள்

கே: மேற்கத்தியச் செவ்வியல் சிடிக்கள் 500 இருக்கின்றன. கணினியில் ஏற்ற எம்பி3 போதுமா?

ப: வேண்டாம், ஒலித்தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் (FLAC) வடிவில் ஏற்றுங்கள். சிடியில் இருப்பது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், ஒரு மணி நேர இசைக்குச் சுமார் 635 எம்பி. ஃபிளாக் ஒரு பிட்டைக்கூட இழக்காமல் அதைக் கிட்டத்தட்டப் பாதியாக்கிவிடும். 500 சிடிக்கு 200 ஜிபி தாராளம். ஆனால் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் வையுங்கள். ஒன்றில் மட்டும் வைத்தால் ஒருநாள் மொத்த உழைப்பும் போய்விடும்.

'எக்ஸாக்ட் ஆடியோ காப்பி' போன்ற நகலெடுக்கும் மென்பொருளில் செக்யூர் மோடு (பிழை இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் படிக்கும் முறை), அக்யூரேட்ரிப் இரண்டையும் இயக்குங்கள். அதே சிடியைப் பிறர் எடுத்த நகல்களோடு உங்கள் நகலை அக்யூரேட்ரிப் ஒப்பிடும். ஒத்துப்போகாவிட்டால் சிடியை நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைத்து, மறுபடி எடுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. தடத்தின் போக்கிலேயே கீறல் விழுந்தால் அடுத்தடுத்த தகவல் சேர்ந்தாற்போல் அழியும். பிழைதிருத்தத்தால் அதை மீட்க முடியாது.

எதிலிருந்து தொடங்குவது? 1988 முதல் 1993 வரை இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையில் அச்சான சிடிக்கள் இருந்தால் அவற்றிலிருந்து. அவற்றின் அரக்குப் பூச்சு உறைக் காகிதத்திலுள்ள கந்தகத்தைத் தடுக்காததால், பல சிடிக்கள் விளிம்பிலிருந்து செம்பழுப்பாகி வருகின்றன.

கே: மெண்டல்சனின் வயலின் கான்செர்ட்டோவில் பகுதிகளுக்கு நடுவே சத்தம் அறுகிறது. சிடியில் அப்படி இல்லையே?

ப: அதன் மூன்று பகுதிகளும் இடைவிடாமல் ஓடுபவை. முதல் பகுதி முடிந்த பிறகும் பசூன் என்ற ஊதுகருவி ஒற்றைச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அறுபடுவது அந்த இடம்தான். எம்பி3 ஒலியை 1152 சாம்பிள் (ஒலியின் மிகச் சிறு அளவீடு) கொண்ட துண்டுகளாக வெட்டும்; கடைசித் துண்டு நிறையாவிட்டால் மௌனத்தை இட்டு நிரப்பும். ஃபிளாக்கில் இந்தத் தொல்லை இல்லை. அதிலும் அறுந்தால் குற்றம் பிளேயருடையது: இடைவெளியின்றி ஓட்டும் 'கேப்லெஸ்'ஸை இயக்கி, ஒன்றின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் 'கிராஸ்ஃபேட்'டை அணைத்துவிடுங்கள்.

கே: ஸ்ட்ரீமிங்கில் தேடினால் வேண்டிய படைப்பு அகப்படுவதில்லை.

ப: பாடகர், ஆல்பம், பாட்டு என்று பாப் இசைக்குப் போட்ட சட்டகம் அது. இசையமைப்பாளர், நடத்துநர், தனிக்கலைஞர், இசைக்குழு நால்வரும் 'ஆர்ட்டிஸ்ட்' என்ற ஒரே கட்டத்தில் நெருக்கியடித்து நிற்கிறார்கள். இசையமைப்பாளரின் படைப்புகளுக்குத் தரப்பட்ட பட்டியல் எண்ணைச் சேர்த்துத் தேடுங்கள்: 'மோட்சார்ட் கே 466' என்றால் டி மைனர் பியானோ கான்செர்ட்டோ பெரும்பாலும் நேராக வந்து நிற்கும்.

கே: எஸ்ஏசிடியையும் (சூப்பர் ஆடியோ சிடி) இப்படி நகலெடுக்கலாமா?

ப: சாதாரண கணினி டிரைவால் எஸ்ஏசிடி அடுக்கைப் படிக்க முடியாது. சாதாரண சிடி அடுக்கும் சேர்ந்த ஹைப்ரிட் வகை என்றால் அதிலுள்ள சிடி அடுக்கு மட்டும் கிடைக்கும்.