கொரோனா போன்ற தொற்றுக்கான ஊரடங்கு முழுதாக நீங்குமுன் பள்ளிகளைத் திறக்கலாமா?

திறக்கலாம், ஆனால் எல்லா வகுப்புகளையும் ஒரே நாளில் அல்ல. தமிழ்நாட்டில் 2021 ஜனவரி 19-இல் 10, 12-ஆம் வகுப்புகள் மட்டும், அறைக்கு 25 பேர் என்ற வரம்போடு தொடங்கின. கொரோனா இரண்டாம் அலை எழவே மார்ச்சில் 12-ஆம் வகுப்பு தவிர மற்றவற்றை மூட நேர்ந்தது. பிறகு செப்டம்பர் 1-இல் 9 முதல் 12 வரை. சிறு பிள்ளைகளுக்கு நவம்பர் 1 வரை காத்திருப்பு. டென்மார்க் நேர்மாறாக, 2020 ஏப்ரலில் சிறியவர்களைத்தான் முதலில் அழைத்தது. எனக்கு அந்த வரிசையே சரியாகப் படுகிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதுப் பிள்ளைக்குக் கைப்பேசி வகுப்பு ஈடாகாது, அதுவும் வீட்டுக்கே ஒரு கைப்பேசி இருக்கையில்.

எத்தனை பேர் என்பதை அறையின் அளவே முடிவு செய்யட்டும். 20 அடிக்கு 20 அடி அறையில், ஆறடி இடைவெளியில் வரிசைக்கு 4 பேர்; ஆசிரியர் நிற்க இடம் விட்டால் 3 வரிசை, ஆக 12 பேர். 40 பேர் வகுப்பை நான்கு குழுவாகப் பிரித்து முறை வைத்து வரச்சொல்ல வேண்டும். எதிரெதிர்ச் சன்னல்கள் திறந்தே இருக்கவேண்டும். மின்விசிறி உள்ளே இருக்கும் காற்றைத்தான் சுழற்றும், புதுக்காற்றைக் கொண்டுவராது.

திட்டம் குலைவது பெரும்பாலும் மதிய உணவில்தான். முகக்கவசம் கழலும், பேச்சும் கூடும். 100 பேருக்கு 2 குழாய், ஆளுக்கு 30 நொடி என்றால் கைகழுவவே 25 நிமிடம். குழாய் வைத்த நான்கு தொட்டிகளை முற்றத்தில் சேர்த்தால் அது 9 நிமிடத்துக்குள் முடியும். சத்துணவையும் மரத்தடியில், குழுவுக்கொரு நேரமாகப் பரிமாறுங்கள்.