அவுட்லெட்டில் வருவது ஆக்சிஜன்தானா?

கேள்வி: ஐயா, நானும் என் மனைவியும் மருத்துவர்கள். குரோம்பேட்டையில் 20 படுக்கைகளுடன் சிறிய மருத்துவமனை தொடங்குகிறோம். ஆக்சிஜன், நைட்ரஸ் ஆக்சைடு (மயக்க வாயு), காற்று, வேக்குவம் (உறிஞ்சும் குழாய்) ஆகியவற்றுக்குக் குழாய் பதிக்க இரண்டு கொட்டேஷன்கள் வந்திருக்கின்றன. விலை குறைவாகச் சொன்னவர், “பரிசோதனையை நாங்களே முடித்துச் சான்றிதழ் தந்துவிடுவோம், வெளியாள் எதற்கு?” என்கிறார். அவரிடமே கொடுத்துவிடலாமா?

பதில்: அவரிடம் கொடுப்பதில் தவறில்லை. அந்த “நாங்களே”தான் எனக்கு உறுத்துகிறது.

2016-ல் சிட்னியில் ஒரு மருத்துவமனையில், ஆக்சிஜன் என்று எழுதியிருந்த அவுட்லெட்டில் (சுவரில் வாயு எடுக்கும் வாயில்) நைட்ரஸ் ஆக்சைடு வந்தது. அதைச் சுவாசித்த இரண்டு பச்சிளம் குழந்தைகளில் ஒன்று இறந்தது. மற்றதற்கு மூளை பாதிக்கப்பட்டது. குழாய் பதித்தபோது நடந்த இணைப்புத் தவறு, ஒப்படைப்புக்கு முந்தைய சோதனையில் பிடிபடவில்லை. சுவருக்குள் போன பிறகு எல்லாச் செப்புக் குழாயும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ஆகவே சோதனையை, குழாய் பதிக்காத இன்னொருவர் உங்கள் கண்முன் செய்யட்டும். எல்லா வாயுக்களையும் அடைத்து அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு, ஒன்றை மட்டும் திறக்க வேண்டும். அந்த வாயுவுக்கு உரிய அவுட்லெட்டுகளில் மட்டுமே அழுத்தம் தெரிய வேண்டும். வேறெங்காவது சீறினால் அங்கே குறுக்கு இணைப்பு இருக்கிறது. இப்படியே ஒவ்வொரு வாயுவுக்கும். பிறகு, வாயுவை அளந்து காட்டும் கருவியான அனலைசரை ஒவ்வொரு அவுட்லெட்டாக வைத்துப் பாருங்கள். சிலிண்டரிலிருந்து வரும் ஆக்சிஜன் என்றால் 99 சதவீதத்துக்கு மேல், காற்று 21 சதவீதத்தை ஒட்டி, நைட்ரஸ் ஆக்சைடில் ஆக்சிஜன் பூஜ்யம். அறைக்கு ஒன்று பார்த்தால் போதும் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். கசிவு பார்க்கக் குழாயில் நைட்ரஜன் நிரப்புவார்கள். அது முழுவதும் வெளியேறியதா என்பதையும் அனலைசர்தான் சொல்லும்.

கசிவுச் சோதனை 24 மணி நேரம் நடக்கட்டும். நம் ஊர் வெயிலில் இதில் ஒரு வேடிக்கை உண்டு. மொட்டைமாடியில் ஓடும் குழாயின் சூடு பத்து டிகிரி ஏறினால், உள்ளே அழுத்தம் ஏறக்குறைய 3 சதவீதம் ஏறும். காலையில் தொடங்கி உச்சி வெயிலில் அளந்தால் சிறு கசிவு மறைந்துவிடும். தொடங்கிய அதே நேரத்தில் மறுநாள் அளக்கச் சொல்லுங்கள்.

சிலிண்டர் அறையைத் தரைக்குக் கீழுள்ள தளத்தில் வைக்க வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. தவிர, ஆக்சிஜன் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தாழ்வான இடத்தில் தேங்கும். காற்று காம்பிரசரின் உறிஞ்சுவாய் ஜெனரேட்டர் புகைக்குழாய்க்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் எட்டத்தில் இருக்கட்டும். வாயு அழுத்த அலாரத்தை, அழுத்தத்தைக் குறைத்து ஒலிக்கவைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

இவையெல்லாம் ஒப்பந்தத்தில் வேண்டும்; மருத்துவ வாயுக் குழாய்களுக்கான ஐஎஸ்ஓ 7396-1 தரத்தின்படி என்று எழுதி, வெளியாள் அறிக்கை கைக்கு வரும்வரை கடைசித் தவணையை நிறுத்திவையுங்கள். நுகர்வோர் ஆணையத்தை நம்பி இருந்துவிடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வணிக நோக்கத்துக்காக வாங்குபவர் நுகர்வோர் அல்லர். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்குபவருக்கு விலக்கு உண்டு என்றாலும், 20 படுக்கை மருத்துவமனையை அதில் சேர்ப்பது எளிதல்ல.

கேள்வி: மயிலாப்பூரில் வசிக்கிறோம். அப்பாவுக்காக ஆக்சிஜன் சிலிண்டர் வாடகைக்கு எடுக்கிறோம். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: கறுப்பு உடல், வெள்ளைத் தோள் (வால்வுக்குக் கீழுள்ள வளைவு) என்றால் ஆக்சிஜன். தோளில் பொறித்திருக்கும் சோதனைத் தேதியைப் படியுங்கள். ஐந்தாண்டு கடந்திருந்தால் திருப்பி அனுப்புங்கள். 10 லிட்டர் கொள்ளளவுள்ள பி-டைப் சிலிண்டரில் 150 பார் அழுத்தம் இருந்தால் சுமார் 1,500 லிட்டர் வாயு இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் பன்னிரண்டரை மணி நேரம். இரவு முழுக்கத் தேவையென்றால் மாற்று சிலிண்டர் ஒன்று வீட்டில் இருந்தே ஆக வேண்டும். வால்வு இறுகியிருக்கிறதென்று தேங்காய் எண்ணெயோ கிரீஸோ தடவிவிடாதீர்கள்; அழுத்தமான ஆக்சிஜன் பட்டால் எண்ணெய் தீப்பற்றும். அப்பாவின் அறையில் விளக்கும் ஊதுவத்தியும் கூடாது.